உங்கள் பேஸ் எத்தனை சிசி?

(தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக்கொண்டே மேடையிலும் வாசிக்கும் நண்பர்கள் முன், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சனிக்கிழமை மாலை ஆற்றிய உரை. பேச்சின் நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



முதல் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே இங்கே இறங்கியவர்கள் நாலைந்து பேர் யூனிஃபார்மோடேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். டீ வரும். அதுவரை தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். தன்னை யாரும் கவனிக்காமல் இருப்பது பேஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்குப் பழகிப்போன விஷயம். பாட்டு முடிந்ததும் பாடகிக்குக் கைதட்டுவார்கள், கீபோர்டுக்காரரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள், டிரம்ஸ் தம்பியோடு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். பேஸ்காரனிடம் வந்து, "சார், அந்த ஒயரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க, கால் தடுக்குது" என்பார்கள்.

நான் பகலில் மெயின்டனன்ஸ்காரன், ராத்திரியில் பேஸ்காரன். முப்பது வருஷமாக இதே பிழைப்பு. ஆயுத பூஜை, கம்பெனி ஆண்டு விழா, கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று இந்தப் பக்கத்தில் நான் வாசிக்காத மேடை குறைவு. மாதத்துக்கு ஒரு தம்பியாவது போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்பான்: "அண்ணே, பேஸ் ஆம்ப் வாங்கப் போறேன். எத்தனை வாட் வாங்கலாம்?"

நான் திருப்பிக் கேட்பேன்: "நீ பைக் வாங்கும்போது டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும்னு கேட்டா வாங்குன? எத்தனை சிசின்னுதானே கேட்ட?"

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வாட் என்பது நீங்கள் ஊற்றுகிற பெட்ரோல். பேஸுக்கு முதலில் வேண்டியது சிசி. மேடையில் நம்முடைய வேலை காற்றைத் தள்ளுவது. எவ்வளவு காற்றைத் தள்ளலாம் என்பதை நிர்ணயிப்பது ஸ்பீக்கரும் அது உட்கார்ந்திருக்கும் பெட்டியும்தான். கடையில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும் வாட் ஸ்டிக்கருக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்.

என்ஜின் செய்கிற ஊரில் இதை விளக்குவது சுலபம். ஸ்பீக்கரின் தாள் கூம்பு ஒரு பிஸ்டன். அதன் பரப்பு போர், முன்னும் பின்னும் அது போய்வரும் தூரம் ஸ்ட்ரோக். இரண்டையும் பெருக்கினால் சிசி. பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் கூம்புப் பரப்பு ஏறக்குறைய 340 சதுர சென்டிமீட்டர். பன்னிரண்டு அங்குலத்துக்கு 530, பதினைந்து அங்குலத்துக்கு 850. நடுநிலையிலிருந்து முன்னால் 5 மில்லிமீட்டர், பின்னால் 5 மில்லிமீட்டர் ஆடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்த ஸ்ட்ரோக் ஒரு சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒற்றைப் பன்னிரண்டு 530 சிசி, ஒற்றைப் பதினைந்து 850 சிசி, நாலு பத்து போட்ட பாக்ஸ் 1,360 சிசி. 1998-ல் இதே ஊரிலிருந்து வெளியே வந்த முதல் சான்ட்ரோ 999 சிசி. நாலு பத்து பாக்ஸைத் தூக்கி மேடையில் வைக்கும்போது, காற்றுக் கணக்கில் ஒரு சான்ட்ரோவுக்கும் பெரிய வண்டியை நிறுத்துகிறீர்கள். இடுப்பு வலிப்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி, ஈ. அதைத் திறந்து வாசித்தால் விநாடிக்கு 41.2 அதிர்வு. நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் ஒரு சுற்று வந்தால் இரண்டு முறை ஃபயர் ஆகும். விநாடிக்கு 41.2 முறை ஃபயர் ஆக வேண்டுமென்றால் 1,236 ஆர்பிஎம். ஐடிலிங்கில் நிற்கும் காரின் ஆக்சிலரேட்டரைக் கால் விரலால் தொட்டால் வருகிற சத்தம் இருக்கிறதே, அதுதான் நம்முடைய ஈ. ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 30.9 அதிர்வு, அது 926 ஆர்பிஎம். டெஸ்டிங் லைனில் நிற்கும் நண்பர்கள் நாளைக்கு டியூனர் ஆப்பைத் திறந்து பாருங்கள். சூப்பர்வைசர் பார்க்காத நேரமாகப் பார்த்து.

இந்த ஈ ஒலியின் ஒரு அலை காற்றில் 28 அடி நீளம். இருபதடி கன்டெய்னருக்குள் முழு அலை நிற்காது. அவ்வளவு பெரிய சரக்கைத்தான் ஒரு பெட்டிக்குள்ளிருந்து அனுப்பப் பார்க்கிறோம். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே சத்தத்தை எடுக்க வேண்டுமானால் கூம்பு நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். இரண்டு மடங்கு என்று நினைப்பீர்கள், இல்லை, நாலு. அதனால்தான் நாலு கம்பிக்கு ஒழுங்காக உழைத்த பாக்ஸ், ஐந்து கம்பி வாங்கிய முதல் வாரத்திலேயே தொண்டை கட்டிக்கொள்கிறது. பி கம்பி வாங்குகிறவர்கள் பாக்ஸுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

இனிப் பெட்டி. இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுப் புத்தகம் வேண்டாம், நம் வித்வான்கள் செய்வதைப் பார்த்தால் போதும். மிருதங்கத்தின் இடது பக்கம், தொப்பி. கச்சேரிக்கு முன்னால் அதில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். தோலின் எடை கூடுகிறது, சுருதி இறங்குகிறது, கும்கி ஆழமாகிறது. அளவுக்கு மேல் அப்பினால் என்ன ஆகும்? சத்தம் மந்தமாகிவிடும். ஸ்பீக்கரிலும் அதே கதைதான். கூம்பின் எடையைக் கூட்டினால் ஆழம் கிடைக்கும், சத்தம் குறையும்.

அடுத்தது கடம். மானாமதுரைக் கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் வித்வான் வாசிக்கும்போது அந்த 'கும்' ஏறி இறங்குகிறது அல்லவா? உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். வாயில் இருக்கும் காற்று ஒரு எடை. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஆடுகின்றன. பேஸ் பாக்ஸின் முன்னால் ஒரு ஓட்டை, சில பாக்ஸில் பிளாஸ்டிக் குழாய் வைத்திருப்பார்களே, அதுவும் கடத்தின் வாய்தான். போர்ட் என்பார்கள். அதன் நீளமும் விட்டமும் பெட்டியின் கொள்ளளவும் சேர்ந்து ஒரு சுருதிக்கு டியூன் ஆகியிருக்கும். அந்தச் சுருதிக்குப் பக்கத்தில் கூம்பு கொஞ்சமே ஆடும், போர்ட் காற்று வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் பிடிமானம் போய்விடும். காற்றின் எதிர்ப்பு இல்லாமல் கூம்பு கண்டபடி முன்னும் பின்னும் பாயும். நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை மிதிப்பது மாதிரி. ஸ்பீக்கர் கிழிவது பெரும்பாலும் அங்கேதான். ஆம்பில் ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தால் 35, 40 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காதுக்கு எதுவும் குறையாது, ஸ்பீக்கருக்கு ஆயுசு கூடும்.

சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் கேட்டு வாங்கலாம். ஹாஃப்மன் என்கிற அமெரிக்க ஒலிப்பெட்டிக்காரர் பெயரில் இதை இரும்பு விதி என்பார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம், ஆனால் மைதானமே அதிரும் என்று யாராவது விற்க வந்தால், கையைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பாக்ஸை நாமே செய்யலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம், 18 மில்லிமீட்டர் நல்ல பிளைவுட்டில். என் நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், அவர் பின் வரிசையில்தான் இருக்கிறார், கம்பெனிக்கு மெஷின் வந்த பேக்கிங் பெட்டிப் பலகையை வைத்து ஒரு மூடிய பாக்ஸ் செய்தார். பார்க்க அம்சமாக இருந்தது. ஈ வாசித்தால் மட்டும் எங்கிருந்தோ 'உஸ் உஸ்' என்று பாம்பு சீறும். ஏர் லைனில் லீக் என்றால் சோப்புத் தண்ணீர் தடவுவோம், மரப்பெட்டிக்கு எப்படித் தடவுவது? ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டே வந்தோம். பின்பக்கம் ஒரு மரக்கணு காய்ந்து விலகி, அங்கே புகை நெளிந்து நெளிந்து ஆடியது. அவர் வீட்டம்மா பூஜை என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வாட் விஷயத்துக்கு வருகிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கையகல ஸ்பீக்கர் மேல் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த எண்ணை அச்சகம்தான் தயாரித்தது. ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள், அதையும் எந்த ஓம்ஸில் என்று பாருங்கள். 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல், 'கொஞ்சம் ஏத்தினாங்க போல' என்று தோன்றும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். பாக்ஸின் பின்னால் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும், யாரும் படிப்பதில்லை. 94 டெசிபெல் பாக்ஸுக்கு 400 வாட் கொடுத்து வாங்குகிற சத்தத்தை 100 டெசிபெல் பாக்ஸ் 100 வாட்டிலேயே கொடுத்துவிடும். ஆம்பில் மிச்சம் பிடிக்க வேண்டுமா, பாக்ஸில் செலவழியுங்கள்.

இங்கே என்னை மடக்க ஒருவர் கை தூக்கப் போகிறார் என்று தெரிகிறது. "அண்ணே, எங்கப்பா டீக்கடை டிரான்சிஸ்டர்லயே ராஜா பாட்டோட பேஸ் கேட்டாரே, அது எத்தனை சிசி?"

நல்ல கேள்வி. மூன்று அங்குல ஸ்பீக்கரில் 41 அதிர்வு வராது, சத்தியமாக வராது. ஆனால் கம்பி 41-இல் மட்டும் ஆடுவதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே வருகின்றன. மடங்குகள் மட்டும் வந்தாலும் நம் காது கணக்குப் போட்டு, கீழே இல்லாத அந்த 41-ஐத் தானே கட்டி எழுப்பிக்கொள்கிறது. இளையராஜாவின் குழுவில் சசிதரன் வாசித்த பேஸை ஒரு தலைமுறை முழுக்க அப்படித்தான் கேட்டது. காது பாதி வாசித்தது. ராஜா பேஸை ஒத்து மாதிரி ஒரே இடத்தில் நிறுத்தி வைக்காமல், பாட்டுக்கு எதிரே நடக்கும் இன்னொரு பாட்டாக எழுதினார். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸையும் நம்மில் பலர் முதலில் கேட்டது கேசட் பிளேயரிலும் டவுன் பஸ்ஸிலும்தான். பேஸின் எழுத்துகள் நடு அலைகளில் எழுதப்படுகின்றன. 250-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை. மேடை ஏறியதும் ஈக்யூவில் நடுவைப் பள்ளமாக்கி இரண்டு ஓரத்தையும் தூக்கி, சிரிக்கிற வாய் மாதிரி வைக்கிறீர்களே, வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது ஜோராக இருக்கும். டிரம்ஸ் ஆரம்பித்த அடுத்த நொடி நீங்கள் காணாமல் போய்விடுவீர்கள்.

நம்பாதவர்களுக்கு ஒரு சாட்சி. ஆம்பெக் எஸ்விடி, 1969-ல் வந்தது. 300 வாட் வால்வு ஆம்ப், அதோடு எட்டுப் பத்து பாக்ஸ். அந்த வருஷம் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு இதன் முன்மாதிரிகளைத்தான் கொண்டுபோனார்கள். பேஸ் என்றால் உலகம் முழுக்க மேடையில் ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தக் கறுப்புப் பெட்டிதான் படம். பின்னாளில் வந்த எட்டுப் பத்து மாடலின் விவரத்தாளைப் படித்தால், 58 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே சத்தம் சரியத் தொடங்கிவிடுகிறது, 40-இல் 10 டெசிபெல் கீழே. ஈ கம்பியின் அடி ஒலியை அந்த ராட்சசனே முழுசாகக் கொடுப்பதில்லை. அது கொடுப்பது அடுத்த மாடி, அதையும் 2,700 சிசி காற்றோடு. மார்பில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். பெட்டி 63 கிலோ. கல்யாண அண்டாவைத் தூக்குவது போல இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடிக்க வேண்டும். இப்போது கிளாஸ் டி ஆம்ப் வந்து, டிபன் பாக்ஸ் அளவில் ஒன்றிரண்டு கிலோவில் அதைவிட அதிக வாட் கிடைக்கிறது. நியோடைமியம் காந்தம் வந்து பாக்ஸும் பாதி எடையாகிவிட்டது. என்னை மாதிரி முதுகெலும்பில் எல்4-எல்5 தேய்ந்தவர்கள் அதையே வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஆம்பெக் 2018-லிருந்து யமஹா குடும்பத்தில் இருக்கிறது. நம் வல்லம் வடகாலில் பைக் செய்கிற யமஹாவின் டேங்க்கில் இருக்கும் சின்னத்தை உற்றுப் பாருங்கள், மூன்று டியூனிங் ஃபோர்க். பைக் கம்பெனி 1955-ல் தனியாகப் பிரிந்தபோது இசைக்கருவிக் கம்பெனியின் சின்னத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. சென்னைக்குத் தெற்கே 2019-லிருந்து அதே பெயரில் அக்கூஸ்டிக் கிட்டாரும் கீபோர்டும் செய்கிறார்கள். பேஸ் செய்ய ஆரம்பித்தால் சொல்லுங்கள், கேன்டீன் டோக்கனோடு வந்து நிற்கிறேன்.

ஓம்ஸ். இதில்தான் அதிகம் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் டோலை நினைத்துக்கொள்ளுங்கள். 8 ஓம் பாக்ஸ் ஒன்று, ஒரு கேட் திறந்திருக்கிறது. இன்னொரு 8 ஓம் பாக்ஸைச் சேர்த்து மாட்டினால் இரண்டு கேட். தடை பாதியாகி 4 ஓம், வண்டி இரட்டிப்பாகப் போகும். இரண்டு 4 ஓம் பாக்ஸை மாட்டினால் 2 ஓம். கேட்டெல்லாம் திறந்தாயிற்று, ஆனால் அவ்வளவு வண்டியை அனுப்ப ஆம்புக்குத் தெம்பு இல்லை. பெரும்பாலான ஆம்புக்கு 4 ஓம்தான் எல்லை, பின்னால் எழுதியிருக்கும். அதனால் முதல் பாக்ஸ் வாங்கும்போதே 8 ஓம் வாங்குங்கள். பின்னால் காசு வரும்போது அதே மாதிரி இன்னொன்று சேர்க்கலாம். அதே மாதிரி என்றால் அதே கம்பெனி, அதே மாடல். பத்துக்கு மேல் பதினைந்தை வைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டும் சில சுருதிகளில் ஒன்றை ஒன்று காலை வாரும்.

வால்வு ஆம்ப் வைத்திருக்கிற பணக்காரர்கள் யாராவது இருந்தால், ஸ்பீக்கர் மாட்டாமல் அதை ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்னால் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் நம் 230-இல் அதன் ஆயுள் ஒரு விநாடி.

ஆம்பிலிருந்து பாக்ஸுக்குப் போகிற ஒயர் தனி ஜாதி. கிட்டாரிலிருந்து ஆம்புக்கு வருகிற ஷீல்டு கேபிளும் அதுவும் ஒரே மாதிரி பின் வைத்திருக்கும், அதுதான் வம்பு. கிட்டார் கேபிளுக்குள் இருக்கும் கம்பி தலைமுடி மாதிரி. ஒரு ஆண்டு விழாவில், அவசரத்தில் நானே அதை பாக்ஸுக்கு மாட்டிவிட்டேன். மூன்றாவது பாட்டு வரைக்கும் தாங்கியது. பிறகு ஒரு பிளாஸ்டிக் வாடை. முதல் வரிசையில் இருந்த ஒரு எலெக்ட்ரிகல் இன்ஜினியர் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து நின்றார். மற்ற எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீகான் கனெக்டர் இருக்கிற ஆம்பாகப் பார்த்து வாங்குங்கள், இந்தத் தப்பைச் செய்யவே முடியாது.

ஹம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிற்சாலை வழித்தடத்தில் வாசிப்பவர்களுக்கு இது தலையெழுத்து. ஓரகடம் பக்கம் ஒரு ஷெட்டில் ஆயுத பூஜை. டிரான்ஸ்ஃபார்மர் யார்டை ஒட்டினாற்போல் மேடை போட்டிருந்தார்கள். டியூன் செய்ய ஜி கம்பியைத் தட்டினால் அது நிலையாக நிற்கவில்லை, 'வாம் வாம்' என்று விநாடிக்கு இரண்டு முறை அலைந்தது. கம்பியை மாற்றினேன், அதேதான். பிறகுதான் உறைத்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் முனகுவது 100-இல். என்னுடைய ஜி 98. இரண்டுக்கும் இரண்டு அதிர்வு வித்தியாசம், அதுதான் அந்த அலைச்சல். அன்றைக்கு ஜி ஸ்கேல் பாட்டு எல்லாவற்றையும் அரைச்சுருதி ஏற்றச் சொல்லிப் பாடகரிடம் திட்டு வாங்கினேன்.

அது காற்றில் வந்த ஹம். ஒயரில் வருவது வேறு. டியூப் லைட், டிம்மர், மோட்டார் டிரைவ், வெல்டிங் எல்லாமே பிக்கப் சுருளுக்குள் நுழையும். ஜாஸ் பேஸ் ரகத்தில் இரண்டு சிங்கிள் காயில் இருக்கும். இரண்டு வால்யூமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஹம்மை மற்றொன்று அடித்துவிடும், ஒன்றைக் குறைத்தால் ஹம் எட்டிப்பார்க்கும். பிரிசிஷன் ரகத்தில் 1957-லிருந்து பிளந்த காயில், அதற்கு அந்தத் தொல்லை இல்லை. தொழிற்சாலை மேடைகளிலேயே அதிகம் வாசிக்கிறவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

ஹம்மை நிறுத்த எர்த் பின்னை உடைத்துவிடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மூன்று பின் பிளக்கில் மேல் பின்னை வெட்டிவிட்டு, தீக்குச்சியைச் செருகி... சிரிக்கிறீர்கள், செய்திருக்கிறீர்கள் போல. உங்கள் கம்பிகள் ஆம்ப் வழியாக எர்த்தில் நிற்கின்றன. மைக் வேறு ஒரு மிக்ஸர் வழியாக வேறு எர்த்தில் நிற்கிறது. இரண்டில் ஒன்று கெட்டால், கம்பியில் கை இருக்கும்போது உதடு மைக்கைத் தொட்ட இடத்தில் சுரீர் என்று அடிக்கும். அது சுரீரோடு நின்றால் உங்கள் அதிர்ஷ்டம். மேடை ஏறியதும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஹம் வந்தால், பேஸை நேரே மிக்ஸருக்கு அனுப்புகிற டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டுங்கள். அது சிக்னல் ஒயரின் எர்த்தைத்தான் விலக்கும், உயிர் காக்கும் எர்த் அப்படியே இருக்கும்.

டிஐ என்றதும் இன்னொன்று. சவுண்ட் சர்வீஸ்காரர் பெரிய பாக்ஸ் போட்டிருக்கிற மேடையில், ஜனங்களுக்கு பேஸ் போவது டிஐ வழியாக அவருடைய மிக்ஸருக்கு. உங்கள் ஆம்ப் உங்களுக்கும் டிரம்மருக்கும் மட்டும். அப்போது ஒற்றைப் பன்னிரண்டு போதும். அவர் கொண்டுவந்தது இரண்டு அகுஜா காலம் ஸ்பீக்கரும் ஒரு மிக்ஸரும் மட்டும்தான் என்றால், பேஸை அதற்குள் விடாதீர்கள், பாடகரின் குரலையும் சேர்த்துக் கெடுக்கும். அங்கே உங்கள் பாக்ஸ்தான் எல்லாம், நாலு பத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆகவே 'எந்த ஆம்ப்' என்று கேட்கிறவனிடம், 'வருஷத்தில் எத்தனை மேடையில் நல்ல சவுண்ட் சர்வீஸ் கிடைக்கிறது' என்று கேட்பது என் வழக்கம்.

பாக்ஸைத் தரையில் வைத்துவிட்டு, "எனக்கே கேக்கல, ஆனா இருபதடி தள்ளி நல்லாக் கேக்குது, அலை விரிய இடம் வேணும்ல" என்பார்கள். அலை விரியவெல்லாம் இடம் வேண்டாம், ஹெட்ஃபோனில் பேஸ் கேட்கவில்லையா? நடு அலைகள் நேர்கோட்டில் போகின்றன, பாக்ஸ் உங்கள் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாற்காலி மேல் ஏற்றுங்கள், இல்லை பின்னால் சாய்த்து வையுங்கள். நீங்கள் வால்யூமைப் பாதி குறைத்துவிடுவீர்கள். மூலையில் ஒட்டி வைத்தால் கீழ்ஒலி இலவசமாகக் கூடும். ஷீட் கூரை மண்டபத்தில் அது வேண்டாத இலவசம்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது வைத்த 34 அங்குல நீளம்தான் இன்றைக்கும் பெரும்பாலான பேஸில் இருக்கிறது. அடிப்படை மாறவில்லை என்பதால் விலை குறைந்த பேஸ்கூட இப்போது வாசிக்கும்படி இருக்கிறது. மோட்டவுன் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஒற்றை விரலில், வருஷக்கணக்கில் மாற்றாத தடித்த கம்பியில் வாசித்தவர். அதைக் கேட்டுவிட்டு நம் ஆட்கள் கம்பி மாற்றாமல் இருப்பதற்கு அவரைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அவர் வாசித்தது டெட்ராய்ட் குளிரில், வழவழப்பான ஃபிளாட்வூண்ட் கம்பியில். நம் வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் ரவுண்டுவூண்ட் கம்பி மூன்று மாதத்தில் துரு. வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் துடைத்து வையுங்கள், போதும்.

கடையில் பேஸை எடுத்ததும் வாசித்துக் காட்ட வேண்டாம், அளந்து பாருங்கள். உங்களிடம்தான் ஃபீலர் கேஜ் இருக்கிறதே! முதல் ஃப்ரெட்டில் ஒரு கையால் அமுக்கி, கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு கையால் அமுக்கினால் கம்பி ஒரு நேர்கோல் ஆகிவிடும். எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.35 மில்லிமீட்டர் தகடு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நாலு கம்பியும் சேர்ந்து 75 கிலோ பக்கம் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதை எதிர்த்து நிற்பது உள்ளே ஓடும் ட்ரஸ் ராட். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து வளையும், பங்குனியில் திரும்பும். அப்போது அந்த நட்டைக் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். டார்க் ரென்ச் பிடித்த கைகளுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டாம். கடைக்காரர் "அது தானா சரியாயிடும் சார்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

விரல் பலகை கரும் ஊதா நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். தென்னாட்டு மலைகளில் வளர்ந்து, கடல் தாண்டிப் போய், கிட்டாராகித் திரும்பி வருகிறது. அதைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். உலக அளவில் 2017-லிருந்து அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-ல் விலக்கு கிடைத்தது. இப்போது பல மலிவு பேஸ்களில் வேறு மரம் வருகிறது. சத்தத்தில் வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறவர்களின் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்க எனக்கு ஆசை.

ஆக்டிவ் பேஸ் வாங்கியவர்கள் வாசித்ததும் ஜாக்கைப் பிடுங்கி வையுங்கள், இல்லையென்றால் 9 வோல்ட் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும். ஷாப் ஃப்ளோரில் கொடுக்கிற காதடைப்பான் பாக்கெட்டிலேயே கிடக்கிறதே, அதை மேடையிலும் போட்டுக்கொள்ளுங்கள், கிராஷ் சிம்பலுக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட்டெல்லாம் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருக்கிறது. போலீஸ் ஜீப்புக்கு முதலில் கேட்பது எப்போதும் நம் பேஸ்தான். சுவரைத் தாண்டிப் போவது கீழ்ஒலி ஒன்றுதான், பாட்டெல்லாம் மண்டபத்துக்குள்ளேயே நின்றுவிடும்.

பணக் கணக்கு கேட்டால் நான் சொல்வது இதுதான். கையில் இருப்பதில் பாதியை பாக்ஸுக்கு வையுங்கள். மிச்சத்தில் ஆம்ப், அதற்கப்புறம் பேஸ். எல்லோரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், கிட்டார்தானே போட்டோவில் தெரியும்! பாக்ஸ் பழையதாக வாங்கலாம், அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. கூம்பை இரண்டு பக்கமும் விரல் வைத்து நேராக, மெதுவாக அமுக்கிப் பாருங்கள், உரசல் சத்தம் வந்தால் காயில் போயிற்று என்று அர்த்தம்.

பேசியது போதும். இந்தத் திரைக்குப் பின்னால் இரண்டு பாக்ஸ் வைத்திருக்கிறேன், ஒன்று ஒற்றைப் பன்னிரண்டு, இன்னொன்று நாலு பத்து. இரண்டும் 8 ஓம், ஆம்ப் ஒன்றே, குமிழையும் தொடப் போவதில்லை. எது எது என்று நான் சொல்ல மாட்டேன், நீங்கள் கை தூக்குங்கள். தம்பி, அந்த ஃபேனை அணை. சுவர் ஓரமாக இருப்பவர்கள் நடுவுக்கு வாருங்கள், ஓரத்தில் பேஸ் பொய் சொல்லும்.

முதல் பாக்ஸ். ஈ.

...

கேட்டதா? எங்கிருந்தோ கடகடவென்று ஆடியதே, அது என் ஸ்பீக்கர் இல்லை. மேலே பாருங்கள், இடப்பக்கம் நாலாவது ஷீட், ஜே-போல்ட் லூஸ். நாளைக்குக் காலையில் யாராவது ஏறி முடுக்கிவிடுங்கள். இப்போது அடுத்த பாக்ஸ்.